சண்முகத்தாய் விருதும் ஒரே ஒரு ஃபெயிலும்

பல்கலைக்கழக மகளிர் விடுதி
சூலக்கரை
3 ஜூலை 2025

அன்புள்ள சுமைரா,

உன் எண்ணுக்கு அழைத்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து இப்படித்தான். முதலில் என் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் இருக்கு மேடம். அந்தப் பக்கம் உள்ளவுகதான் கோவமா இருக்காக" என்றார். அப்புறம்தான் நீ என்னை பிளாக் செய்திருப்பது புரிந்தது.

ஒரு பஸ் ஏறினால் திருத்தங்கலில் உன் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். இரண்டு முறை பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். கதவைத் திறந்து நீ என்னைப் பார்க்கும் பார்வையை நினைத்ததும் திரும்பிவிட்டேன். கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உன்னிடமே இப்படி என்றால், மற்றவர்களிடம் நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும். எழுதினால் மட்டும் எனக்கு வாய் வரும்.

இங்கே பெரிய பரபரப்பு. போன வருடம் காலமான சண்முகத்தாய் அம்மாவை உனக்கு நினைவிருக்கும். மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்று, நாற்பது வயதில் எழுதித் தேறியதை மேடைக்கு மேடை சொல்லிச் சிரிப்பாரே, அவர்தான். விருதுநகர் வீட்டையும் நிலத்தையும் உயிலில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருக்கிறார். அதன் வருமானத்தில் ஒவ்வொரு வருடமும் ஓர் ஆசிரியருக்கு விருது. விருது வாங்குபவர் தான் விரும்பும் ஒரு படிப்பை மூன்று வருடத்துக்கு நடத்தலாம், யாரும் மூட முடியாது. நிரந்தரமோ தற்காலிகமோ, வகுப்பெடுக்கிற யாராக இருந்தாலும் சரி.

வேடிக்கை அடுத்த வரியில் இருக்கிறது. வக்கீல் மாற்றச் சொல்லியும் அம்மா மாற்ற விடவில்லையாம். உயிலில் உள்ளபடியே எழுதுகிறேன்: "பாஸான பிள்ளைக எல்லாம் வாத்தியாரை நல்லவருன்னுதான் சொல்லும். அந்த வாத்தியார்கிட்ட தோத்துப்போன பிள்ளை ஒண்ணு வந்து எழுதிக் குடுக்கணும். அப்பத்தான் குடுக்கணும்."

அறிவிப்புப் பலகை முன்னால் நின்ற விக்னேஷ்வரன் சாரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இருபது வருடமாக யாரையுமே ஃபெயில் போட்டதில்லை என்று பெருமை பேசுகிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

நான் ஆரம்பித்த பட்டாசுப் பாதுகாப்புப் பட்டயப் படிப்பை அடுத்த வருடத்தோடு நிறுத்தப் போகிறார்களாம். ஆள் சேரவில்லை என்கிறார்கள். அந்தப் படிப்பில் இதுவரை நான் ஃபெயில் போட்டது ஒருவரைத்தான்.

உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. செய்தி சொல்ல வேறு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆகஸ்ட் இருபதாம் தேதி மறுதேர்வு இருக்கிறது.

அருணா

*

திருத்தங்கல்
9.7.2025

மதிப்பிற்குரிய அருணாதேவி மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கொண்டாந்து குடுத்ததும் எங்க மாமி கோர்ட்டு நோட்டீஸுன்னு பயந்து தண்ணி குடிச்சாக. இந்தக் காலத்துல எவ கடுதாசி எழுதுவான்னு கேட்டாக. எனக்கு ஃபெயில் போட்டவ எழுதுவான்னு சொன்னேன்.

"எதுவும் கேட்கவில்லை"ன்னு எழுதியிருக்கீங்க. கேக்காமலே இம்புட்டையும் கேக்க உங்களாலதான் முடியும் மேடம். காலேஜ்ல கேன்டீனுக்குப் போனா எனக்குப் பசிக்கலைம்ப, பெறகு என் தட்டையே பாத்துக்கிட்டு இருப்ப. அதே ஆளுதான் நீ. சரி, மரியாதை வரமாட்டேங்குது, விட்டுர்றேன்.

நான் எதுக்கு அந்தப் படிப்புல வந்து சேந்தேன்னு உனக்குத் தெரியாதா. மாமா மவுத்தானதுக்குப் பெறகு நாரணாபுரம் பட்டாசு யூனிட்டை எங்க வீட்டுக்காரவுகளும் நானுந்தான் பாக்குறோம். அவுகளுக்கு ஆர்டரும் லோடும்தான் தெரியும். பட்டயம் இருந்தா நானே உள்ள நின்னு மேற்பார்வை பாக்கலாம்னு வந்தேன். இப்பச் சீசன். நான் எங்க இருக்கேன் தெரியுமா? கேட்டுக்கு வெளிய, ஆபீஸ் ரூம்ல, டப்பாவுக்கு லேபிள் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு. மருந்து ரூம் பக்கம் எட்டிப் பாத்தா போர்மேன் அண்ணாச்சி, "தங்கச்சி, நீங்க பாஸாகிட்டு வாங்க" அப்படிங்கிறாரு. சிரிக்காமச் சொல்றாரு, அதுதான் வலிக்குது.

அப்படி என்ன செஞ்சேன் நான் அந்தச் செய்முறைப் பரீட்சையில? எடை சரி, கலக்குனது சரி, வெறுங்காலு, பருத்தித் துணி எல்லாம் சரி. கடைசில மேசைல சிந்துன மருந்தைக் கூட்டி ஒரே டப்பாவுல போட்டேன். அவ்வளவுதான். எங்க அத்தாவோட வத்தல் குடோனை நீ பாத்திருக்க. வத்தலோ மல்லியோ உளுந்தோ, சாயங்காலம் சிந்துனது எல்லாத்தையும் கூட்டி ஒரே சாக்குல கட்டுவோம். அதை வாங்கன்னே ஆளு வரும். ஒரு மணி வீணாக் கெடந்தா அத்தாவுக்குத் தூக்கம் வராது. நடக்கப் பழகுனதுல இருந்து என் கைக்குப் பழக்கம் அது. கை தானாப் போச்சு. அதுக்கு ஃபெயிலா? என்னைக் கூப்பிட்டு, "ஏ புள்ள, தப்பு, பிரிச்சுப் போடு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் தேஞ்சா போகும்?

நான் எழுதிக் குடுக்க மாட்டேன். விக்னேஷ்வரன் சாருக்கு வேணா எழுதிக் குடுக்கேன். அவர்கிட்ட ஃபெயிலாகலைன்னு ஒரே குறைதான்.

சுமைரா

*

சூலக்கரை
16 ஜூலை 2025

அன்புள்ள சுமைரா,

நீ திட்டினாலும் கடிதம் வந்ததே என்று இருக்கிறது. பிரிப்பதற்கு முன் கையில் வைத்துக்கொண்டு விடுதி மாடியில் இரண்டு சுற்று நடந்தேன்.

மன்னிப்பு கேட்க மாட்டேன். கேட்டால் அது பொய்யாக இருக்கும். ஆனால் அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

உன் மேசைக்கு எதிரில்தான் நின்றேன். உன்னைப் போலச் சுத்தமாக வேலை செய்தவர் அந்த அறையில் வேறு யாரும் இல்லை. முழு மதிப்பெண் போட பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது நீ தூரிகையை எடுத்தாய். மூன்று தட்டுகளைச் சுற்றிச் சிந்தியதை ஓரமாகக் குவித்து, குனிந்து ஒரே டப்பாவில் சேர்த்து, மூடியைத் தட்டி மூடினாய். உன் முகத்தில் வீட்டு வேலை முடித்த நிம்மதி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. தெரியாமல் செய்கிறவருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆய்வகத்தில் அது ஒரு சிட்டிகை. உங்கள் யூனிட்டில் ஒரு ரூம் முழுக்கச் சிந்தும். ஒன்றோடொன்று சேரக் கூடாத மருந்துகள் ஒரே டப்பாவில் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று நாம் இருவரும் படித்திருக்கிறோம்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "உங்க ஃபிரண்டுதானேம்மா, சொல்லிவிட்டு பாஸ் போட்டுருங்க" என்றார். முடியாது என்று சொன்னேன். ஒரு பெரிய மனிதரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரலைக் கேட்டு எனக்கே திடுக்கென்றது.

இங்கே நிலைமை இன்னும் வேடிக்கையாகிவிட்டது. இப்போது வளாகத்தில் ஃபெயிலானவர்களுக்குத்தான் மரியாதை. அரியர் வைத்திருக்கும் பையன்களுக்குப் பேராசிரியர்கள் டீ வாங்கித் தருகிறார்கள். விக்னேஷ்வரன் சார் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒருவரைத் தவறுதலாக ஃபெயில் போட்டிருக்கிறார், அவர் இப்போது சாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் என்று கண்டுபிடித்து அந்த பஸ்ஸிலேயே தினமும் போய் வருகிறார். கண்டக்டருக்கு இவரை நினைவே இல்லையாம். "சார், நான் படிச்சதே எனக்கு மறந்துபோச்சு, டிக்கெட்ட எடுங்க" என்று சொல்லிவிட்டாராம்.

நீ எழுதித் தர வேண்டாம். மறுதேர்வுக்கு மட்டும் வா. மேற்பார்வைக்கு நான் இருக்க மாட்டேன், வேறு ஆள் போடச் சொல்லியாகிவிட்டது.

அருணா

*

திருத்தங்கல்
30.7.2025

அருணா,

ரெண்டு வாரமா பதில் எழுதலை. சீசன் வேலைன்னு சொல்லலாம், ஆனா அது காரணமில்லை.

உன் கடுதாசி வந்த மறுநாள் விருதுநகர் போயிருந்தேன். அத்தாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், அவ எப்படி எனக்கு ஃபெயில் போடலாம்னு. அத்தா என் பக்கம் பேசுவாகன்னு பாத்தா, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காக. "சம்சு மகளா கொக்கா, வெடிமருந்தையே கூட்டி மூட்டை கட்டிட்டியே" அப்படின்னாக. சிரிச்சு முடிச்சுட்டு, "சோலைச்சாமி மக வெவரமான புள்ள" அப்படின்னு ஒரு வார்த்தை. உங்க அய்யா வத்தல் மூட்டை கொண்டாந்தாலே கல்லு மண்ணு இருக்காதாம். பரம்பரையாவே சுத்தமாம். என் வீட்டுலயே உனக்குத்தான் ஆளு.

பெறகு நாரணாபுரம் வந்தேன். சீசனுக்குன்னு புதுசா ஆளு எடுத்திருக்கோம். பருத்திக் காட்டுல இருந்து, பலசரக்குக் கடையில இருந்து வந்த பொம்பளைக. சாயங்காலம் வேலை முடிஞ்சு சின்னத்தாய்னு ஒருத்தி ரூம் வாசலைக் கூட்டிக்கிட்டு இருந்தா. என்ன பாங்கா கூட்டுறா தெரியுமா, ஒரு தூசி இல்ல. கூட்டிட்டு, அடுத்த ரூம்ல கூட்டுனதையும் வாங்கி, எல்லாத்தையும் ஒரே தகரத்துல கொட்டப் போனா. அவ மொகத்தைப் பாத்தேன். வீட்டு வேலை முடிஞ்ச நிம்மதி. நீ எழுதியிருந்த அதே நிம்மதி.

கேட்டைத் தாண்டி ஓடுனேன். போர்மேன் அண்ணாச்சி, "தங்கச்சி, நீங்க உள்ள..."ன்னு ஆரம்பிச்சாரு. "பாஸானவுக எல்லாம் சும்மா நிக்கீக, ஃபெயிலானவ நான் சொல்றேன், தகரத்தை இறக்குங்க"ன்னு கத்திட்டேன்.

இப்ப ரூமுக்கு ஒரு கலருல டப்பா. செவப்பு ரூமுக்குச் செவப்பு, பச்சைக்குப் பச்சை. வெளிய தனித்தனியா தண்ணித் தொட்டி. அவுக செலவைப் பத்தி வாயைத் திறந்தாக, நான் பாத்த பார்வையில மூடிக்கிட்டாக. பொம்பளைக எனக்குப் பேரு வச்சுட்டாக, "ஃபெயில் டீச்சர்"னு. "ஃபெயில் டீச்சர் வாராக, டப்பாவ மாத்துங்கடி" அப்படின்னு ஒரே சிரிப்பு.

உன் ஆபீஸுக்கு போன் பண்ணி ஒண்ணு கேட்டேன். சும்மாதான் கேட்டேன். எழுதிக் குடுக்க ஆகஸ்ட் முப்பத்தொண்ணு கடைசியாம். அன்னைக்கு ஃபெயிலாவே இருக்கணுமாம். பாஸாயிட்டா "தோத்துப்போன பிள்ளை" கணக்குல வரமாட்டாகளாம். அப்ப இருபதாம் தேதி பரீட்சை எழுதி நான் பாஸாயிட்டா உனக்கு எழுதிக் குடுக்க ஆளே இல்ல. அப்படித்தானே?

எழுதிக் குடுக்கப் போறேன்னு நான் சொல்லலை. கேட்டேன்.

சுமைரா

*

சூலக்கரை
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுமைரா,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றுகொண்டே படித்தேன். தகரத்தை நீ இறக்கச் சொன்ன இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். வெளியே போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லாமல், ஆய்வக உதவியாளர் கற்பகம் அக்காவிடம், "என் மாணவி ஒருத்தி" என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லிவிட்டேன். "மேடம், உங்களுக்கு இம்புட்டுப் பேச வருமா" என்று கேட்டார்.

நீ விசாரித்தது உண்மைதான். அலுவலகம் அப்படித்தான் பொருள் சொல்கிறது. அதனால் இதைத் தெளிவாக எழுதுகிறேன். இருபதாம் தேதி நீ தேர்வெழுத வேண்டும். எனக்காகத் தேர்வைத் தள்ளிவைக்கும் யோசனை உனக்கு வந்திருக்கும், எனக்குத் தெரியும். அடுத்த தேர்வு பிப்ரவரியில்தான். அதுவரை நீ கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு சாயங்காலமும் யாராவது ஒருத்தி தகரத்தோடு போவாள். ஒவ்வொரு தடவையும் நீ ஓடிப்போய்க் கத்த முடியாது.

நீ தோற்றவளாக இருந்து எனக்கு ஒரு விருது வேண்டாம்.

படிப்பை மூடினால் மூடட்டும். வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நானாக யோசித்து, நானாகப் பாடம் எழுதி, பத்துப் பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ள நின்று ஆரம்பித்த ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதென்றால் அது இந்தப் படிப்புதான். ஆனால் அதற்காகத்தானே அந்தப் படிப்பு, நீ உள்ளே நிற்க வேண்டும் என்பதற்காக.

வா. தூரிகையை எடுக்கும் முன்னால் ஒரு மூச்சு விடு.

அருணா

*

திருத்தங்கல்
21.8.2025

ஏ புள்ள அருணா,

உட்காந்துக்கோ. நேத்து நடந்ததைச் சொல்றேன்.

பரீட்சை எழுதிட்டேன். மதுரையில இருந்து வந்த அம்மா ஒருத்தவுக மேற்பார்வை. கலக்குனது எல்லாம் நல்லாப் போச்சு. கடைசில தூரிகையைக் கையில எடுத்தேன். நீ சொன்ன மாதிரி மூச்சு விட்டேன். மூணு டப்பா கேட்டேன். "மூணு எதுக்கும்மா"ன்னாக. "ஒண்ணுல போட்டுத்தான் ஒரு தடவை ஃபெயிலானேன்"னேன். அந்த அம்மா எழுதுறத நிப்பாட்டிட்டு என்னையே பாத்தாக.

வெளிய வந்தேன். எங்க வீட்டுக்காரவுக பைக்கைத் திருப்பிக்கிட்டு நிக்காக, யூனிட்டுல லோடு ஏறுது, சீக்கிரம் வான்னு. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. ரிசல்ட் எப்பன்னு கேட்டேன். அடுத்த மாசமாம். அப்ப அது வரைக்கும் நான் யாரு?

அவுககிட்ட, "பைக்க நிறுத்துங்க, அரை மணி நேரம்"னு சொல்லிட்டு நேரா விருது ஆபீஸுக்குள்ள போனேன். கண்காணிப்பாளர் இருந்தாரு. எழுதிக் குடுக்க வந்திருக்கேன்னேன். என் நம்பரைத் தட்டிப் பாத்துட்டு, "நீங்க இன்னைக்கு மறுதேர்வு எழுதிட்டீகளேம்மா. செல்லாது" அப்படின்னாரு.

அருணா, நான் யாரு மக? மார்க்கெட்டுல நாளைக்கு வெல மாறும்னு ஊருக்கே தெரியும். அதுக்காக இன்னைக்குச் சரக்க நாளை வெலைக்கா குடுப்பாக? "சார், எழுதுனது உண்மை. ரிசல்ட் வந்துருச்சா"ன்னு கேட்டேன். "வரலை." "அப்ப இந்த நிமிஷம் உங்க கம்ப்யூட்டர்ல நான் என்ன?" திருப்பிப் பாத்தாரு. "ஃபெயில்." "அதை வாய்விட்டு இன்னொரு தடவை சொல்லுங்க." சொன்னாரு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரும் கேட்டாக. "ஃபெயிலானவ எழுதிக் குடுக்கேன். வாங்கிக்கோங்க."

அவர் எந்திருச்சு உள்ள போனாரு. உள்ள இருந்து யாரோ பெரியவுக சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாரு. "சண்முகத்தாயம்மா இருந்தா உங்கள எலக்சன்ல நிறுத்தியிருப்பாக"ன்னாரு.

அவர் உள்ள போன நேரத்துல அங்கனயே பெஞ்சுல உட்காந்துதான் எழுதுனேன். என்ன எழுதுனேன்னு கேக்காத. உன் போனையும் பிளாக்ல இருந்து எடுக்க மாட்டேன். எடுத்தா நீ போன் பண்ணி ஒண்ணும் பேசாம மூச்சு விட்டுக்கிட்டே இருப்ப. உன் கடுதாசி நல்லா இருக்கு, அதையே எழுது.

சுமைரா

*

சூலக்கரை
12 செப்டம்பர் 2025

அன்புள்ள சுமைரா,

நீ பாஸ். பட்டியல் வந்ததும் முதலில் உன் எண்ணைத்தான் தேடினேன். உனக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும் என்று ஆசை. நீ பாஸ்.

நேற்று விருதுக் குழு என்னை அழைத்தது. நீண்ட மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். வெளியே காத்திருந்த வரிசையில் விக்னேஷ்வரன் சார் இல்லை. கண்டக்டர் கடைசிவரைக்கும் எழுதித் தரவில்லையாம். சார் இந்த வருடம் ஒரு வகுப்பையே ஃபெயில் போடப் போவதாக வதந்தி. பையன்கள் ராப்பகலாகப் படிக்கிறார்கள்.

முதல் மூன்று கேள்விகளுக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஒருவர் குடிக்கத் தண்ணீர் தரச் சொன்னார். பிறகு ஓரத்தில் இருந்த அம்மா ஒருவர், சண்முகத்தாய் அம்மாவின் மகள் என்று பிறகு தெரிந்தது, "உங்க தோழிக்கே ஃபெயில் போட்டிருக்கீக. கஷ்டமா இல்லையா" என்று கேட்டார்.

"இருந்தது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நீ கேட்டைத் தாண்டி ஓடியது நினைவுக்கு வந்தது. "பாஸ் போட்டிருந்தால் தீபாவளி முடிகிறவரைக்கும் சாப்பிட்டிருக்க மாட்டேன்" என்றேன்.

அந்த அம்மா பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நன்றாகச் சொன்னேனா, உளறினேனா என்று இன்னும் தெரியவில்லை. முடிவு அடுத்த மாதமாம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து நிற்கிறேன்.

அருணா

*

நாரணாபுரம்
17.10.2025

ஏ புள்ள,

லாரி கிளம்புற அவசரத்துல எழுதுறேன். தீபாவளிக் கடைசி லோடு. கேட்டுக்கு உள்ள நின்னுதான் எழுதுறேன்னு சொல்லிக்கிறேன்.

காலையில உன் ஆபீஸ்ல இருந்து எனக்குத்தான் முதல்ல போன் வந்துச்சு. எழுதிக் குடுத்தவ மேடையில ஏறி அதை வாசிக்கணும்னு உயில்ல இருக்காம். நவம்பர் பதினஞ்சு, வரமுடியுமான்னு கேட்டாக. "யாருக்கு விருது"ன்னு கேட்டேன். "அது தெரியாமலா நீங்க வாசிக்கப் போறீக"ன்னாக.

நான் போட்ட சத்தத்துல ரூம்ல இருந்த பொம்பளைக எல்லாம் வெளிய ஓடியாந்துட்டாக, என்னமோ வெடிச்சுருச்சுன்னு. சின்னத்தாய் என்னைப் பிடிச்சு உலுக்குறா. "ஃபெயில் டீச்சருக்கு என்ன ஆச்சு?" "எனக்கு ஃபெயில் போட்டவளுக்கு விருதுடி"ன்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியலை. ஆனா கூடச் சேந்து சிரிச்சா.

உனக்கு இந்நேரம் கடுதாசி வந்திருக்கும். இல்லைன்னா நான்தான் முதல்ல சொல்றேன். சாப்பிடு. ரெண்டு வேளைக்குச் சேத்துச் சாப்பிடு.

சுமைரா

*

சூலக்கரை
17 நவம்பர் 2025

அன்புள்ள சுமைரா,

விழா முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் மேடை விளக்கில் உனக்குக் கீழே இருந்தவர்கள் தெரிந்திருக்க மாட்டார்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

உன் அத்தாவும் என் அய்யாவும் மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அய்யா வெள்ளை வேட்டியில் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தார். நீ வாசிக்க ஆரம்பித்ததும் சம்சு அத்தா அய்யாவின் கையைத் தட்டினார். பிறகு கையை எடுக்கவே இல்லை.

நீ வாசித்ததை அலுவலகத்தில் கேட்டுப் படி எடுத்து வைத்திருக்கிறேன். "எனக்குப் பள்ளிக்கூடத்துல மார்க் போட்டவுக எங்க அத்தா பேரைப் பாத்துப் போட்டாக. கல்யாணத்துக்குப் பெறகு எங்க மாமா கம்பெனியைப் பாத்துப் போட்டாக. இவ ஒருத்திதான் என் கையைப் பாத்துப் போட்டா. என் கை செஞ்சது தப்பு. அந்த ஃபெயில் மட்டும்தான் நான் சம்பாதிச்சது." இந்த இடத்தில் கூட்டம் கைதட்ட, நீ கையை உயர்த்தி நிறுத்தினாய், இன்னும் முடியவில்லை என்று. சண்முகத்தாய் அம்மாவின் மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்த பேச்சு ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. மைக்கைப் பார்த்தேன். முன்னால் உங்கள் யூனிட்டுப் பெண்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் இது வகுப்பு என்று நினைத்துக்கொண்டேன். "ஜனவரியில் படிப்பு தொடங்குகிறது. மூன்று வருடத்துக்கு யாரும் மூட முடியாது. பருத்திச் சேலையில் வாங்க. போனை வெளியில் வைத்துவிட்டு வாங்க. கூட்டுவதற்கு எத்தனை டப்பா வேண்டும் என்று முதல் நாள் கேட்பேன்" என்றேன். சின்னத்தாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ரூமுக்கு ஒண்ணு டீச்சர்" என்றாள். அந்தச் சிரிப்பில் நான் இறங்கி வந்துவிட்டேன். மேடையிலேயே மறந்து வைத்துவிட்ட விருதை உன் வீட்டுக்காரர் ஃபரீத் அண்ணன்தான் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார்.

அன்று எண்ணெய் பரோட்டா சாப்பிடும்போது நீ என் போனை வாங்கி உன் எண்ணை அழுத்திக் காட்டினாய். மணி அடித்தது. இப்போது அழைக்கலாம்தான். ஆனால் நான் கேட்க வேண்டியதைப் போனில் கேட்க எனக்கு வாய் வராது. செய்முறை வகுப்புக்கு வெளியிலிருந்து ஒருவரை நியமிக்கலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. வாரம் இரண்டு நாள். பாடம் எடுக்கலாம், மதிப்பெண் போடலாம்.

நீ வருவாயா?

அருணா

*

திருத்தங்கல்
9.2.2026

ஏ புள்ள அருணா,

போன்ல சொல்லலாம். ஆனா இவுக காதைத் தீட்டிக்கிட்டு அடுத்த ரூம்ல உட்காந்திருக்காக. அதனால எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை நான் நடத்துன முதல் செய்முறைத் தேர்வைப் பத்தி கற்பகம் அக்கா உனக்கு ஒண்ணு விடாமச் சொல்லியிருப்பாக. இருந்தாலும் என் வாயால கேளு. எங்க வீட்டு மனுசன் படிப்புல சேர்ந்த நாள்ல இருந்து, "நமக்கென்ன, வீட்டுலயே டீச்சர்"னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக. தேர்வும் நல்லாத்தான் செஞ்சாக. டப்பா மூணு, தரை நனைச்சது, வெறுங்காலு எல்லாம் அச்சு மாதிரி. நான் முழு மார்க் போட பேனாவத் திறந்துட்டேன்.

அப்ப சட்டைப் பையில ஒரு உறுமல். மருந்துத் தட்டுக்கு மேல குனிஞ்சுக்கிட்டே கைய விட்டுப் போனை எடுத்து, "ஆங் சொல்லுங்க, லோடு நாளைக்கு ஏறிரும்" அப்படின்னாக. யோசிக்கவே இல்ல. கை தானாப் போச்சு. முகத்துல ஆர்டர் வந்த சந்தோசம்.

பேனாவ மூடிட்டேன். "ஏய், நான் உன் புருசன்"னு மெதுவாச் சொன்னாக. "இங்கன நீங்க கடைசி மேசை. தள்ளி நில்லுங்க"ன்னேன். சின்னத்தாய் பாஸு. வெள்ளைத்தாய் பாஸு. அவுக மட்டும் ஃபெயில்.

மூணு நாளா என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்காக. ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு, மாமி நடுவுல தூது. "குழம்புல உப்பு கம்மின்னு சொல்லச் சொன்னான்." "போன் பையில இருந்தா உப்பு தெரியாதுன்னு சொல்லுங்க மாமி." நோன்பு வர்றதுக்குள்ள இறங்கி வருவாகன்னு இருந்தேன்.

இன்னைக்குக் காலையில அடுப்படியில நிக்கையில தபால்காரர் மணி அடிச்சாரு. மாமி வழக்கம்போலக் கோர்ட்டு நோட்டீஸுன்னு பதறிக்கிட்டு வாங்கியாந்தாக. எனக்குத்தான். நாரணாபுரத்துல போட்டிருக்கு, கையெழுத்து தெரிஞ்ச கையெழுத்து. பிரிச்சேன். முதல் வரி:

"மதிப்பிற்குரிய சுமைரா மேடம் அவர்களுக்கு,"

ரெண்டு பக்கத்துக்கு ஒரே திட்டு. கடைசில, விருதுக்கு இந்த வருசம் எழுதிக் குடுக்கக் கடைசித் தேதி எதுன்னு கேட்டிருக்காக. சும்மாதான் கேக்காகளாம்.

பதில் எழுதணும். மன்னிப்புக் கேக்காம எப்படி எழுதுறதுன்னு பாக்க, போன ஜூலை பதினாறாம் தேதி நீ எழுதுன கடுதாசியப் பீரோவுல இருந்து எடுத்து முன்னால வச்சிருக்கேன்.

சுமைரா